ஒரு சத்தம் போதும்

அன்பான லோயிஸ் அக்காவுக்கு,

நைனா பார்த்தால் கிழித்துவிடுவார். பயந்துகொண்டே போர்வைக்குள் எழுதுகிறேன்.

ஒன்பது மாதமாகப் பேசாமலிருந்த விண்கலம் இன்று பூமிக்குச் சிக்னல் அனுப்பியது. சித்தூர் முழுக்க அதே பேச்சு. டிவியில் அந்தச் சின்ன 'பீப்' கேட்டதும் நைனா, "அவ்ளோ தூரத்துலயும் நம்மள நெனச்சிக்கினுதான் இருந்துக்கிது" என்றார்.

நீ அவரை மீறிக் கல்யாணம் செய்து திருப்பதிக்குப் போனதிலிருந்து, வீட்டு ஜெபத்தில் உன் பெயரை மட்டும் விட்டுவிடுகிறார். இன்று அம்மா பெயரைச் சொன்னவர் சற்று நிறுத்தினார். பிறகு, "லோயிஸ்" என்றார். ஆமென்கூடச் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. உன் நம்பரை அவர் இன்னும் அழிக்கவில்லை, பார்த்தேன். பேச வேண்டாம். ஒரு சத்தம் போதும்.

உன் தங்கை