உங்கள் அண்ணனும் நானும் பிரேக்கில் ஏர் எடுத்தோம்

என் "என்னங்க"வுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உட்கார்ந்து எழுதக்கூட உடம்பில் தெம்பில்லை. ஆனாலும் இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

வாரம் இரண்டு நாள் வரிச்சிக்குடிக்குப் போய், உங்கள் அண்ணியை டயாலிசிஸுக்கு நான்தான் அழைத்துப் போய் வருகிறேன். பஸ்ஸில் ஏறி இறங்க அக்காவால் ஆகாது. உங்கள் அண்ணனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நம் பழைய காரும் என்னைப் போலத்தான், முனகிக்கொண்டே ஓடுகிறது.

காலையில் கிளம்ப வசதியாக நேற்றே போனேன்; அவர்கள் வீட்டு வாசலிலேயே பிரேக் பெடல் தரைவரைக்கும் போய்விட்டது. மெக்கானிக் வந்து ஒழுகிய ஹோஸை மாற்றினார். உள்ளே புகுந்த காற்றை எடுப்பதற்குள் உறவில் சாவு என்று போன் வர, கிளம்பிவிட்டார். விடிந்தால் அக்காவுக்கு டயாலிசிஸ். ஒரு முறை தவறினாலே கால் வீங்கி மூச்சு வாங்கும்.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். வேலை எனக்குத் தெரியும், முப்பது வருஷம் உங்களுக்குப் பெடல் மிதித்தவள்தானே. நீங்கள் கீழே படுத்து "மிதி" என்பீர்கள், "பிடி" என்பீர்கள். சக்கரத்துக்குப் பின்னால் உள்ள நிப்பிளைத் தளர்த்தி, டியூபில் குமிழியோடு பிரேக் எண்ணெய் வந்ததும் இறுக்கிவிட்டு "விடு" என்பீர்கள். நேற்று ஸ்பானரோடு நான் படுத்தேன். பெடலில் உங்கள் அண்ணன்.

கல்யாணமான நாளிலிருந்து மூத்தாரோடு நான் நேரில் பேசியதில்லை. எல்லாம் உங்கள் வழியாகத்தான். கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன், அதைக் கற்றுக்கொள்ளவில்லை. அதனால் ஒரு தட்டு தட்டினால் மிதிக்கணும், இரண்டு தட்டினால் விடணும் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். அவர் தட்டை எண்ணத் தவறி, நான் இறுக்குமுன்னே காலை எடுத்தார். வெளியே போன காற்று திரும்ப உள்ளே போனது. ஆறேழு தடவை இதே கூத்து. இடையில் நின்று சொல்ல அக்காவுக்குக் குரல் எழவில்லை. எண்ணெய் பாட்டில் தீரப்போகிறது.

எனக்கு அழுகை வந்தது. அழக்கூட அலுப்பாக இருந்தது. படுத்தபடியே சொல்லிவிட்டேன்:

"பெரியத்தான், மிதிச்சுப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதீங்க."

மேலே பெடல் இறங்கியது. பிறகு, "பிடிச்சிருக்கேம்மா" என்றார்.

நீங்கள் செய்கிற மாதிரியே தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கினேன். பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. கடைசியில் குமிழியில்லாமல் எண்ணெய் வந்தது. பெடல் கல்லாக நின்றது.

நான் எழுந்து கை துடைத்தபோதும் அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தம்பியத் தூக்குன அன்னிக்கே உங்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கணும்மா. எப்படிப் பேசுறதுன்னு தெரியல."

காரியத்துக்குப் பிறகு அவர் நம் வீட்டுப் பக்கம் வராததை மனஸ்தாபம் என்றே நினைத்திருந்தேன். அது பேசத் தெரியாத கூச்சம்தான் என்று உங்களுக்காவது தெரிந்திருக்குமா?

இன்று காலை மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா உள்ளே இருந்த நாலு மணி நேரமும் அவரும் நானும் வெளியே உட்கார்ந்திருந்தோம். அதிகம் பேசவில்லை. பழக வேண்டும் அல்லவா? ஆனால் இனி அவரிடம் நானே பேசுவேன், இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. உங்களைப் பற்றிப் பேச எனக்கு அவரையும் அவருக்கு என்னையும் விட்டால் இங்கே யார் இருக்கிறார்கள்?

உங்கள் வீட்டுக்காரி,
அவருடைய தம்பி மனைவி,
தலத்தெரு.