பொன்னாங்கண்ணியும் என் இடது கண்ணும்

4-7-99, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் பாட்டுப் புத்தகத்தை மூக்கு வரை கொண்டுவந்தும் எழுத்து பிடிபடவில்லை. மனப்பாடமாய்ப் பாடிச் சமாளித்தேன். இடது கண்ணைப் புரை மூடியேவிட்டது, வலதும் மங்குகிறது. எல்லோரும் அமைதியான நேரத்தில் என் நெஞ்சுக்குள் வைத்த உலோக வால்வு டிக் டிக் என்றது. பக்கத்துப் பெண் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பெரும் பாடாகிவிட்டது.

6-7-99, செவ்வாய்

கண் டாக்டர் அம்மா ஆபரேஷனுக்கு உடனே நாள் தரவில்லை. வால்வில் ரத்தம் கட்டாமலிருக்க நான் தினமும் விழுங்கும் மாத்திரைதான் வம்பு. மரத்துப்போகக் கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டால், உள்ளே ரத்தம் கசிந்து பார்வையே போகலாமாம். மாத்திரையை நிறுத்தினாலோ வால்வில் கட்டி, அது மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வந்துவிடுமாம். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, இருதய டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார்.

"ஒரு கண்ணு போதும் அம்மணி. நான் படிச்சுக் காட்டறேன்" என்கிறார் என் வீட்டுக்காரர். நல்ல கதை! பேப்பரில் கொட்டை எழுத்துத் தலைப்போடு நிறுத்திக்கொள்கிற மனிதர்.

படிக்காமல் நான் எப்படி இருப்பேன்?

9-7-99, வெள்ளி

ரத்தம் கெட்டியாக இருக்கிறதாம்! "மாத்திரைய உட்டுப்போட்டீங்களாம்மா?" என்று இருதய டாக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. "மாதா மேல சத்தியமா ஒரு வேளை கூட உடலைங்க!" புதிதாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அப்போதுதான் கூட வந்த என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"கீரை மட்டுந்தானுங்க டாக்டர். கண்ணுக்கு நல்லதுன்னு..."

பொன்னாங்கண்ணி! புரை என்று தெரிந்ததிலிருந்து இவர் சந்தையில் கட்டுக்கட்டாக வாங்கி வருகிறார். பக்கத்து வீட்டு நாச்சியம்மாள் தன் பங்குக்கு முருங்கைக்கீரை. காலையில் பொரியல், மதியம் கூட்டு, சாயங்காலம் சூப். நானும் கண்ணுக்கு, கண்ணுக்கு என்று ஆடு மாதிரி தின்றேன். அத்தனை கீரையும் சேர்ந்து மாத்திரையை வேலை செய்ய விடவில்லையாம். கண்ணுக்கென்று தின்றது நெஞ்சுக்கு வினையாகப் பார்த்ததே!

"கீரையே வேண்டாம்னு சொல்லலைங்கம்மா. கொஞ்சமா, எப்பவும் ஒரே அளவா" என்றார் டாக்டர். மாத்திரை அளவையும் கொஞ்சம் மாற்றினார்.

எங்கள் கணபதி ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இவர், "உன்னையக் கொன்னுபோட்டிருப்பனே அம்மணி" என்றார். திட்டுவதற்கு எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, வாங்க, காப்பி குடிக்கலாம் என்று கூட்டிவந்தேன்.

10-7-99

நாச்சியம்மாள் மறுபடி கீரையோடு வந்தாள். "ஏனுங்கக்கா, ஆப்ரேசன் வரைக்கும் தின்னோணுமல்லங்க?" அவளுக்கு விளக்கி முடிப்பதற்குள் வால்வே நின்றுவிடும் போலிருந்தது.

19-7-99, திங்கள்

ரத்தம் சரியான அளவுக்கு வந்துவிட்டது. ஸ்தோத்திரம்! இரண்டு டாக்டர்களும் போனில் பேசி முடிவு செய்துவிட்டார்கள். மாத்திரையை நிறுத்த வேண்டாம், ஊசியும் வேண்டாம். சொட்டு மருந்திலேயே மரத்துப்போக வைத்து, கருவிழி ஓரத்தில் சின்னதாகக் கீறுவார்களாம். அந்த இடத்தில் ரத்தக்குழாய் கிடையாதாம். ஆனால் நான் விழித்தபடி, அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

"பேசாம இருப்பீங்களாம்மா?" என்றார் டாக்டர் அம்மா. இவர் முந்திக்கொண்டு, "அதுதானுங்க சிரமம்" என்கிறார். பயமெல்லாம் போய் இவருக்கும் நக்கல் வந்துவிட்டது.

22-7-99

முடிந்தது. கசியவில்லை. பேசவும் இல்லை.

23-7-99, வெள்ளி

கட்டை அவிழ்த்தார்கள். டாக்டர் அம்மா விரலைக் காட்டினார், எண்ணிச் சொன்னேன். சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளையும் படித்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. "ஏனுங்க, இங்க வாங்க, உங்க மொகத்தைப் பாக்கோணும்" என்று இவரைக் கிட்டே இழுத்தேன்.

இவருடைய இரண்டு கண்மணியிலும் சாம்பலாய்ப் புரை பூத்துக் கிடக்கிறது.

"எத்தனை நாளாங்க இப்படி?"

"மொதல்ல உனக்கு ஆகட்டும்னு இருந்தேன், அம்மணி."

நான் எழுந்து, டாக்டர் அம்மா முன்னால் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இவரை உட்கார வைத்தேன். இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.