காசிமேடு என்று சொல்லிவிட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு, நர்மதா வணக்கத்துடன் எழுதுவது. மீன்கூடை சுமந்து பிடித்துக்கொண்ட உன் கழுத்து இப்போது தேவலையா?

சிம்லாவில் பனி கொட்டுகிறது. அழகுசாதனக் கடையில் கிரீம் விற்கும் எங்கள் முகத்தை வெளுப்பாகப் பூசியே நிறுத்துகிறார்கள். நேற்று சென்னையிலிருந்து சுற்றுலா வந்த ஒருத்தி, புதுக் கம்பளிக் கோட்டோடு கிரீம் பார்க்க வந்தாள். அவள் கையில் தடவிக்கொண்டே, தமிழ் கேட்ட சந்தோஷத்தில், “இன்னாக்கா, மெட்ராஸா? நானு காசிமேடு!” என்றுவிட்டேன். உடனே கையை மோந்து பார்த்தாள். “மீன் நாத்தம் வருதே” என்று கணவனிடம் சொல்லித் துடைத்துக்கொண்டாள். அது ரோஜா கிரீம். எனக்குச் சிரிப்புதான் வந்தது, நீ வருத்தப்படாதே.

உதடு வெடித்திருக்கிறது, விற்கிற களிம்பை எங்களுக்குத் தரமாட்டார்கள். தேங்காயெண்ணெய் அனுப்பு, உறைந்தாலும் கக்கத்தில் வைத்து உருக்கிக்கொள்வேன்.

பனி பார்க்க வருகிறேன் என்றாயே, வா. கடைப்பக்கம் மட்டும் வராதே அம்மா. மேனேஜர் கூப்பிடுகிறார்.

உன் நர்மதா