கோயமுத்தூர் விமானமும் பொன்னழகின் புகையிலையும்

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
3 மார்ச் 1963, ஞாயிறு.

அன்பு மகள் அமலோற்பவத்துக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் உன் அண்ணன் ஆரோக்கியதாசும் உன் மதினியும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பம்பாயில் நீயும் நல்ல சுகத்தோடு இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதமும் அதனுள் வைத்திருந்த போட்டோவும் போன மாதமே கிடைத்துவிட்டன. அம்மா ஏன் உடனே பதில் போடவில்லை என்று நினைத்திருப்பாய், கடிதத்துக்கு மறு தபாலில் பதில் எழுதாதவர்களைப் பற்றி என் அபிப்பிராயம் என்ன என்பது உனக்குத் தெரியும். இந்த முறை தாமதத்துக்குக் காரணம் அந்தப் போட்டோதான், அதை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, உட்கார்ந்து படி.

முதலில் போட்டோவைப் பற்றி. விமானத்தின் வயிற்றுக்கு அடியில் பாகற்காய் அளவில் ஒரு குழாய் தொங்குகிறது, அதை நீ விரலால் காட்டிக்கொண்டு நிற்கிறாய். தோளைக் குறுக்காமல் நிமிர்ந்து நிற்கிறாய், மடத்துப் பள்ளியில் கன்னியர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததை நான் உனக்குக் கற்றுக்கொடுத்தது வீண் போகவில்லை. ஆனால் முந்தானை பறக்கிறது. அவ்வளவு பெரிய விசிறி சுற்றுகிற இடத்தில் முந்தானையைப் பறக்க விடலாமா, இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நில். உன் பக்கத்தில் தொப்பி போட்டு நிற்கிறவர் யார் என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் மாதா சபைப் பெண்களுக்குப் போட்டோவைக் காட்டினேன், கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கமும் சொன்னேன். விமானத்தில் ஆட்கள் எப்படியும் போய் வந்துகொண்டிருக்கிறார்கள், அதன் அடியில் ஒரு வெப்பமானியைப் பொருத்திவிட்டால் அதுவும் ஓசியில் கூடப் போகிறது, போகிற வழியில் எந்த ஊருக்கு மேலே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், காற்று எந்தப் பக்கம் என்று பதிந்துகொண்டே போகிறது, அந்தத் தாள்களையெல்லாம் பார்த்து மழை வருமா வராதா என்று சொல்கிற ஆபீசில்தான் என் மகள் இருக்கிறாள் என்றேன். கோயமுத்தூரிலிருந்து மதுரைக்குப் போகிற விமானம் நம் ஊருக்கு மேலேதான் போகிறது, அதிலும் ஒன்று பொருத்தியாயிற்று என்று நீ எழுதியிருந்ததையும் சொன்னேன். நம் மலைக்கோட்டைக்கு மேலே எவ்வளவு குளிர் என்று பம்பாயில் இருக்கிற அமலோற்பவத்துக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியுமா என்றும் கேட்டேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை, நடந்ததைச் சொன்னேன்.

அந்த வாரமே பொன்னழகு ஒரு பை கத்தரிக்காயோடு வந்தான். தாடிக்கொம்பு தாண்டி இருக்கிற நம் நிலத்தை உன் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்குப் பார்க்கிறவன், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன், அவனுக்குக் காட்டாமல் இருக்க முடியுமா. போட்டோவை வாங்கி நேராகப் பார்த்தான், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். “ஏம்மா, இது கீழ பாத்துல்ல தொங்குது” என்றான். ஆமாம் என்றேன். “வெயில அளக்கணும்னா மேலல்ல பாக்கணும்? சூரியன் மேலதானம்மா இருக்கு?” என்றான். நல்ல கேள்விதான், நான் மறுக்கவில்லை. வெப்பமானியின் மேல் வெயில் பட்டால் கணக்குத் தப்பாகிவிடும், அதனால் நிழலில் வைத்திருக்கிறார்கள், அது அளப்பது வெயிலை அல்ல, காற்றின் சூட்டை என்றேன். வத்தலக்குண்டில் வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவன் கொடைக்கானலில் இறங்கும்போது போர்வை தேடுகிறான் அல்லவா, விமானம் போகிற உயரத்திலும் அப்படித்தான் குளிரும், அந்தக் குளிரைத்தான் அது அளக்கிறது என்றும் சொன்னேன். “அப்பச் சரிம்மா” என்று எழுந்து போய்விட்டான். காப்பியைக் குடிக்காமல் போனான், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பொன்னழகு மாதிரிப் புகையிலை போட்டவர்கள் கதை உனக்குத் தெரியாததல்ல. எவ்வளவு இலை காய்கிறது என்று வரி போடுகிற கலால் ஆபீசருக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும், சொல்கிற கணக்குக்கும் காய்கிற இலைக்கும் நடுவில் எல்லோரும் கொஞ்சம் காற்றோட்டம் விட்டு வைப்பார்கள். பொன்னழகு ஊருக்குப் போய் என்ன சொன்னானோ, விமானத்தின் அடியில் கண் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், அது பந்தலில் தொங்குகிற இலையை எண்ணுகிறது, இலை ஈரமா காய்ந்ததா என்றுகூட மேலிருந்தே சொல்லிவிடும், எண்ணிய கணக்கைப் பார்க்கிறதே நம்ம அமலோற்பவம் பாப்பாதான் என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

பத்து நாள் கழித்து ஆரோக்கியதாஸ் அந்தப் பக்கம் சைக்கிளில் போய்விட்டு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அம்மா, தாடிக்கொம்புக்கு அங்கிட்டுப் பந்தலுக்கெல்லாம் வேட்டி கட்டி விட்டிருக்காங்கம்மா” என்றான். விமானச் சத்தம் கேட்டதும் ஓடி ஓடி இலையை மூடுகிறார்களாம், சாக்கு, தென்னந்தட்டி, ஜமுக்காளம், மாரியம்மன் கோயில் கூடாரத் துணிகூட வெளியே வந்துவிட்டதாம். விமானமோ நம் ரயில் மாதிரி, சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, அதனால் எதற்கு வம்பு என்று விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை மூடியே வைத்துவிடுகிறார்களாம். அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. காய்கிற புகையிலையை மூடி வைத்தால் புழுங்கிப் பூசணம் பூக்கும் என்பது புகையிலையைத் தொடாத எனக்கே தெரியும். போன வருஷம் பொன்னழகுக்கு வெங்காயம் முழுவதும் அழுகிப் போனது, இந்த இலையும் போனால் அவன் குத்தகையை விட்டுவிட்டு எவன் வீட்டிலாவது கூலிக்குத்தான் நிற்க வேண்டும். உன் பெயரைச் சொல்லி ஒரு குடும்பம் கெடுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

விபூதி புதனுக்கு மறுநாள் குதிரை வண்டி பிடித்துக் குடையோடு போனேன். வண்டிக்காரனுக்கு வழி சொல்ல வேண்டியதே இல்லை, தூரத்திலிருந்தே தெரிந்தது, வயலெல்லாம் வண்ணான் துறை மாதிரி இருந்தது. பொன்னழகின் பெண்டாட்டி அய்யம்மாள் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து துணி பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன், இலையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழ ஆரம்பித்திருக்கிறது. துணியை எடு என்றேன். மாட்டேன் என்றாள். அது வெறும் வெப்பமானி, காய்ச்சலுக்கு வாயில் வைக்கிற குழாய் மாதிரி, அந்தக் குழாய்க்கு உன் வீட்டில் இன்றைக்கு என்ன வெஞ்சனம் என்று தெரியுமா என்று கேட்டேன். அதற்கு அவள் “வாய்க்குள்ள கிடந்துக்கிட்டே உடம்பு பூராத்துக்கும் காய்ச்சல் எம்புட்டுன்னு சொல்லுதுல்ல ஆத்தா, அம்புட்டு உயரத்துல இருந்து பாக்குறதுக்கு இது தெரியாதாக்கும்?” என்றாள். அவள் மூன்றாம் வகுப்புகூடப் படிக்கவில்லை, படித்திருந்தால் இந்த ஜில்லாவில் வக்கீல்கள் பிழைத்திருக்க முடியாது.

அதற்குள் அக்கம்பக்கத்து வயலிலிருந்தெல்லாம் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் கொடைக்கானலை மறுபடியும் சொன்னேன், நிழலைச் சொன்னேன், காற்றைச் சொன்னேன், எல்லோரும் சரி சரி என்று தலையாட்டினார்கள், ஒருவரும் துணியை எடுக்கவில்லை. கடைசியில் அய்யம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள். “ஆத்தா, அதுக்குக் கண்ணு இல்லங்கிறீக. சரி. நீங்க பாப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு நெனைக்கிற காரியம் ஒண்ண, அது நம்ம தலைக்கு மேல வாரப்பச் செஞ்சு காட்டுங்க. நாங்க நம்புறோம்” என்றாள். எனக்கு அப்படிக் காரியம் ஒன்றும் கிடையாது என்றேன். “கும்மி அடிங்கத்தா” என்றது ஒரு குரல். முழங்காலை நினைத்து அதை மறுத்தேன், இல்லாவிட்டாலும் மறுத்திருப்பேன். அந்த நேரம் பார்த்து மேற்கே உறுமல் கேட்டது. எல்லோரும் பந்தலுக்கு ஓடத் திரும்பினார்கள். பொன்னழகின் காதில் ஒரு சுருட்டு செருகியிருந்தது.

அதை எடுத்து வாயில் வைத்தேன், மகளே. வாயிலிருந்து எடுக்காமலே தீப்பெட்டி கொடு என்றேன். அவன் கிழித்த முதல் குச்சி காற்றில் அணைந்துபோனது, இரண்டாவதை நானே கிழித்தேன். விமானம் நேர் மேலே வந்ததும் குடையை மடக்கிவிட்டு, முகத்தை நன்றாக அண்ணாந்து காட்டி, மூன்று இழுப்பு இழுத்தேன். ஓடப் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள், ஒருவருக்கும் இலை ஞாபகம் இல்லை. விமானம் நின்றும் பார்க்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை, தன்பாட்டுக்கு மதுரைப் பக்கம் போய்விட்டது. அந்தப் பக்கம் ஒரு நோயாளியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த நம் உபதேசியார் பாஸ்கல்தான் நின்றும் பார்த்தார், திரும்பியும் பார்த்தார், சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார். அடி ஒன்றும் படவில்லை. சேசுவே என்று மட்டும் சொன்னார், அது என்னைப் பார்த்துச் சொன்னதா தண்ணீரைப் பார்த்துச் சொன்னதா என்று தெரியவில்லை.

பார்த்தீர்களா, கண் இருக்கிறதா என்று கேட்டேன், அதாவது இருமி முடித்த பிறகு கேட்டேன். பொன்னழகு அதற்கும் ஒன்று வைத்திருந்தான். “இருங்கம்மா, அவசரப்படாதீக. கணக்கு பம்பாய்க்குப் போயிச் சேரணும்ல. பாப்பா பாத்துச்சுன்னா சும்மா இருக்குமா, ஏம்மா இப்புடிப் பண்ணுனன்னு தந்தி அடிச்சிரும்ல. ரெண்டு நாள் பாப்பம்” என்றான். துணியை எடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். அவ்வளவு செய்தும் இலை மூடித்தான் கிடந்தது.

அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு மாதாவுக்குத்தான் தெரியும். பாஸ்கல் வாயிலாக விஷயம் எனக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. உன் அண்ணன் சாப்பாட்டில் தலை நிமிரவே இல்லை. உன் மதினி மட்டும் அடுப்படியில் ரகசியமாக, “எப்புடி இருந்துச்சு அத்தை?” என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், ஒரு நல்ல காரியத்துக்காகச் சுருட்டுப் பிடிப்பது பாவமா என்று கேட்டேன். பாவமில்லை, ஆனால் தபசு காலத்தில் ரசித்துப் பிடித்தீர்களா என்று சாமியார் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதெல்லாம் போகட்டும். தபால்காரர் மணிச் சத்தம் கேட்டபோதெல்லாம் முழங்காலையும் பார்க்காமல் வாசலுக்கு ஓடினேன். உனக்கு ஏதாவது பிறந்தநாள் வாழ்த்து, பரீட்சை முடிவு என்று யாருக்காவது தந்தி அடிக்கத் தோன்றி, அது நம் வீட்டுக்கு வந்து தொலைத்தால் பொன்னழகு பிழைப்பு முடிந்தது. எந்தத் தாயும் மகளிடமிருந்து ஒரு வரி வரக் கூடாது என்று செபமாலை சொல்லியிருக்க மாட்டாள், நான் சொன்னேன்.

தந்தி வரவில்லை. நேற்றுச் சாயங்காலம் பொன்னழகு வந்தான், முகமெல்லாம் பல். காலையிலேயே துணியை எடுத்துவிட்டார்களாம், எல்லாப் பந்தலும் வெயிலில் நிற்கிறதாம். அவனுக்கு இரண்டு பந்தல் இலை போய்விட்டது, மற்றது தேறிவிடும் என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தாயா, அதற்குக் கண் இல்லை என்று நான் சொன்னேன் அல்லவா என்றேன். “கண்ணு இல்லாம என்னம்மா? எல்லாம் பாத்திருக்கும். அய்யம்மாதான் சரியாச் சொன்னா. பெத்த ஆத்தா நடுவெயில்ல நின்னு சுருட்டுக் குடிச்சதையே பாப்பா காட்டிக் குடுக்கல, நம்ம எலயவா காட்டிக் குடுக்கப் போகுதுன்னா. நம்ம பிள்ளம்மா அது” என்றான். நேற்று மத்தியானம் விமானம் போனபோது ஊரே வயலில் நின்று கை காட்டியதாம், அய்யம்மாள் குழந்தையைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள்.

திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். கொடைக்கானல் வரை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தப்பைத் தப்பென்று சொல்லாமல் விட்டது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை, காப்பி ஆறிவிடும் குடி என்று மட்டும் சொன்னேன், இந்த முறை குடித்துவிட்டுத்தான் போனான்.

ஆகையால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீ எழுதுகிற கடிதத்தை இப்போது அவர்களும் கேட்க வருவார்கள். அதில் உண்மையை விளக்குகிறேன் என்று கிளம்பிவிடாதே, வெப்பமானிக்குப் பார்வை கிடையாது என்று ஒரு வரி எழுதினாலும் மறுபடி துணி ஏறிவிடும். இலை காய்ந்து போராக அடுக்கி முடிகிறவரை நீ எல்லாவற்றையும் பார்த்தவளாகவே இரு. பொன்னழகு, அய்யம்மாள் எல்லோரையும் சுகம் விசாரித்ததாக ஒரு வார்த்தை எழுதினால் போதும், மற்றதை அவர்களே புரிந்துகொள்வார்கள். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, கடை ரொட்டியை மட்டுமே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, பூசை தவறவிடாதே. சேசுவின் திரு இருதயமும் மாதாவின் கருணையும் தரையில் நிற்கும்போதும் விமானத்துக்கு அடியில் நிற்கும்போதும் உன்னைக் காப்பதாக.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
மதலேனம்மாள்.

பி.கு. ஊரில் நான் முழுச் சுருட்டையும் குடித்து முடித்ததாகப் பேச்சு. அந்த வியாழக்கிழமைத் தாள் உன் மேஜைக்கு வரும்போது எதற்கும் ஒரு தடவை பார்த்து வை. அதில் ஒன்றும் இருக்காது, எனக்குத் தெரியும். இருந்தால், மூன்று இழுப்புத்தான். அதற்கு மேல் காட்டினால் உன் கருவி சரியில்லை.