கணக்கில் விட்டுப்போன அண்ணனுக்கு

என் ஆசை அண்ணே,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் நாய் உண்டா என்று தெரியவில்லை. இங்கே குறைவில்லை. போன வாரம் என் மகள் தேவி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு தெருநாய் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. அதிலிருந்து எனக்கு உன் நினைப்புத்தான்.

உன்னை நாய் கடித்தபோது நீ ப்ளஸ் டூ, நான் ஒன்பதாவது. வகுப்பில் உனக்கு நிகழ்தகவு நடந்துகொண்டிருந்தது. காசைச் சுண்டினால் தலை விழ வாய்ப்பு பாதி என்று புத்தகத்தில் போட்டிருந்தால் நீ நம்புகிற ஆளா? சுண்டிச் சுண்டிப் பார்த்து, விழுந்த தலைகளைச் சுண்டிய தடவைகளால் வகுத்து, விடை பாதியை நெருங்கிய பிறகுதான் சாப்பிட வந்தாய். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நாய்க்கடிக்கும் அதையே செய்தாய். பச்சிலை வைத்தியரா, டவுன் ஆஸ்பத்திரி ஊசியா என்று வீட்டில் பேச்சு வந்தது. மருந்து பலிக்குமா என்பதைச் சும்மா உட்கார்ந்து கணக்குப் போட முடியாது, தின்றவர்களைத்தான் கேட்க வேண்டும் என்று சைக்கிளை எடுத்தாய். பரளச்சியிலும் சுற்றுவட்டத்திலும் அந்த வைத்தியரிடம் மருந்து தின்ற அத்தனை பேரையும் விசாரித்தாய். எல்லாரும் குத்துக்கல் மாதிரி இருந்தார்கள். தப்பாத கணக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உப்பில்லாப் பத்தியத்தில் உட்கார்ந்தாய்.

ஏண்ணே, அவ்வளவு புத்தி இருந்தும் இது ஏன் உனக்குத் தோன்றவில்லை? உன் கேள்விக்குப் பதில் சொல்ல உயிரோடு இருப்பவனால்தானே முடியும்? அவர்களைக் கடித்ததில் வெறிநாய் எத்தனை என்று யார் கண்டது? நல்ல நாய் கடித்தவன் வெறும் தண்ணீரைக் குடித்திருந்தாலும் பிழைத்திருப்பான். இப்போது திருச்சுழியில் இதே பாடத்தை நான் நடத்துகிறேன். நடத்தும்போதெல்லாம் உன்மேல் கோபம் கோபமாக வருகிறது.

சில மாதம் கழித்துத் தண்ணீர்ச் செம்பைக் கண்டு நீ அலறினாய். எல்லாம் முடிந்த பிறகு வைத்தியர் வந்து, நடுவில் உப்பு சேர்ந்ததா என்று கேட்டார். பத்தியக் கஞ்சி இறங்காமல் நீ முகம் சுளித்த ஒருநாள் அம்மா துளி நார்த்தங்காய் ஊறுகாய் வைத்திருந்தாள். அப்படியென்றால் மருந்து முறிந்துவிட்டது என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். முறிந்த மருந்து கணக்கில் சேராதாம். அவர் மருந்து தப்பியதே இல்லை என்றுதான் இன்றைக்கும் ஊரில் பேச்சு.

அம்மாவும் அதைத்தான் நம்பினாள். போன வாரம் தேவியைக் கடித்ததும், அந்த வைத்தியரிடமே போவோம் என்றாள். இந்தத் தடவை தானே பத்தியம் காப்பாளாம், ஒரு கல் உப்பு அண்டவிடமாட்டாளாம். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருக்கிறது, பிள்ளை கையை விடாமல் வாசலில் நிற்கிறாள். என் வாயை அடக்க முடியவில்லை.

"அம்மா, உப்பு ஒண்ணும் பண்ணல. அந்த மருந்துலதான் ஒண்ணுமில்ல. ஊறுகா வைக்காட்டியும் அண்ணன் போயிருப்பான்."

இத்தனை வருஷப் பாரம் இறங்கும் என்று நினைத்தேன் அண்ணே. அம்மா தேவியின் கையை விட்டாள். அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"அப்ப ஊசி போட்டிருந்தா எம்புள்ள இருந்திருப்பானா?"

தெரியலம்மா என்றேன். பொய்தான் சொன்னேன். வேறு என்ன சொல்ல? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

வயிற்றைச் சுற்றிப் போடும் ஊசி. தேவி தினமும் அழுகிறாள். கடித்த நாயை அப்புறம் ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் பயம் போகவில்லை.

முதல் ஊசிக்கு மறுநாள் கூப்பிடாமலே அம்மாவும் பஸ் ஏறினாள். ஊசி வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒருத்தி, மகன் கதறுவதைப் பார்க்க மாட்டாமல், வைத்தியரிடமே போய்விடலாமா என்று புலம்பினாள். அந்த மருந்து தின்று யாரும் செத்ததாகக் கேள்விப்பட்டதே இல்லையாம்.

"எம்மவன் செத்தான் தாயி," என்றாள் அம்மா. "தின்னுட்டுத்தான் செத்தான். வரிசைய விட்டுப் போகாத."

அந்தப் பெண் போகவில்லை அண்ணே. இனி அந்த மருந்தைப் பற்றி யார் கேட்டாலும், உன்னையும் சேர்த்துத்தான் நான் கணக்குச் சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி முத்துமாரி