ஹாலிஸ் குடித்த கஷாயம்

பெல் பே, டொபாகோ

அன்பு மகன் ஆன்செலுக்கு அப்பா எழுதுவது. உன் பெரியப்பா ஹாலிஸுக்கு நடந்தது அநியாயம். மூத்திர எரிச்சல் என்று ஆறு வருஷம் கிளினிக்குக்குப் போனவனை ஒருவரும் பின்பக்கம் விரல்விட்டுச் சோதிக்காமல் மாத்திரை கொடுத்தே திருப்பி அனுப்பினார்கள். நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், டொராண்டோ குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவன் இறந்த நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும், அவனைக் கடைசியில் பார்த்த டாக்டரம்மாவின் வாசலில் போய் உட்கார்ந்து, விளக்கம் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். சொன்னாள். புராஸ்டேட் சுரப்பியின் குழாய்ச் சுவரில் செல்கள் இரண்டு வரிசையாம். உள்வரிசை வேலை செய்யும், அடிவரிசை தாங்கி நிற்கும். அழற்சி வருஷக்கணக்கில் நீடித்தால், பழுது பார்ப்பதற்காக அடிவரிசையில் இருக்கும் மூல செல்கள் குணம் மாறி உள்வரிசைக்கு ஏறுகின்றனவாம். இழுக்க ஆள் போதாமல், கரையில் வலை தைக்கிறவனையும் படகில் ஏற்றுகிறோமே, அப்படி. ஏறியவர்களில் ஒருவன் கெட்டுப்போய்ச் சுக்கானைப் பிடுங்கிக்கொண்டால் அதுதான் புற்று. எல்லோருக்கும் அப்படி ஆகாது, இவருக்கு அதனால்தான் வந்தது என்று சத்தியம் பண்ண முடியாது என்றாள். கேட்டுக்கொண்டேன், ஒத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் அந்த எரிச்சலை உடம்புச் சூடு என்றோம். தினமும் நாலு மணிக்கு நான்தான் அவனுக்குக் கீழாநெல்லிக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தேன். எரிச்சல் அடங்கும். அடங்கியதால்தான் ஏமாந்தோம். இப்போதும் நாலு மணிக்கு மரப்படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்கிறது, மூன்றாம் படியில் நின்று இருமுகிறான். காத்துங்க அது, என்கிறாள் உன் அம்மா. காற்று இருமுமா?

ஒருவரும் சோதிக்கவில்லை என்று மேலே எழுதினேனே, மூன்றாம் வருஷம் ஒரு டாக்டர் கையுறை மாட்டினார். இவன் கட்டிலில் இருந்து குதித்து நேரே வலைக்கொட்டகைக்கு வந்து சொன்னான். ஏன்டா ஹாலிஸ், கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சா, என்று கேட்டேன். கொட்டகையே சிரித்தது, அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு யாரையும் கிட்டவிடவில்லை. ஆனாலும் மேலே எழுதியதை அடிக்க மாட்டேன். மற்ற ஐந்து வருஷத்துக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஜனவரியிலிருந்து எனக்கும் எரிகிறது.

கடவுள் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். உனக்கு நாற்பத்துநாலு வயது, இந்த மாதமே டாக்டரிடம் போய் ரத்தம், விரல் இரண்டு சோதனையும் செய்துகொள்ள வேண்டும். ஹாலிஸின் மகன் கெஸ்டரையும் நீ போன் செய்து போகச் சொல்ல வேண்டும், கேலி பண்ணினால் பண்ணட்டும். செவ்வாய்க்கிழமை நான் அந்தக் கட்டிலில் ஏறிப் படுக்க வேண்டும். நான் குதித்து ஓடாதபடி உன் அம்மா கதவை மறித்து நிற்க வேண்டும். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும்.

உன் அப்பா,
கார்ல்டன் மெல்வில்