சப்டைட்டில் இல்லாத படம்

ஆரபியின் அம்மாவுக்கு,

இங்கே ரூஜில் நம் வீட்டில் எல்லாம் சுகம். ஒஷாவாவில் மகள் வீட்டுக்கு இரண்டு கிழமை என்று சொல்லிப் போனீர். இப்போது பனியும் கரைந்துவிட்டது. அதைப் பற்றி எழுத வரவில்லை.

மார்க்கம் நகரில் இழுத்து மூடிய வீடியோக் கடையில் நான் பெட்டியோடு வாங்கிய ஜப்பானியப் படங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜப்பானுக்கு வெளியே எங்கும் ஓடாத படங்கள். ஆங்கில சப்டைட்டில்கூட இல்லை. நடிகைகள் வாயசைக்க, நீர் பக்கத்திலிருந்து உம்முடைய பாட்டுக்குத் தமிழில் வசனம் பேசுவீர். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

ஒரு மனைவி குடையோடு வாசலில் நிற்பாளே, அந்தக் காட்சியைப் போனில் பிடித்துக்கொண்டுபோய், வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்த ஜப்பானியப் பெண் ஹிரோமிக்கு நேற்றுக் காட்டினேன். அந்த மனைவிக்கு நீர் கொடுத்த வசனம் இன்னும் காதில் இருக்கிறது: "முப்பது வருசமாச் சமைக்கிறன். நீ சாப்பிட்டியோ எண்டு ஒருநாளாவது கேட்டிருக்கிறியளோ?" அதற்குத்தான் நான் அதிகம் சிரித்தேன்.

மழை வரும், குடையைக் கொண்டுபோங்கள் என்று மட்டுந்தான் படத்தில் அவள் சொல்கிறாள் என்றாள் ஹிரோமி.

வீட்டுக்கு வந்து, மற்றப் படங்களுக்கு நீர் பேசியதையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே புருஷனோடுதான் சண்டை பிடித்திருக்கிறார்கள்.

இப்போது மத்தியானம் ஒரு மணி. சாப்பிட்டீரோ?

இப்படிக்கு,
பக்கத்திலிருந்து சிரித்தவன்